ஏற ஆயிரம் வழி, இறங்க ஒரே வழி

2002 நவம்பர் 13. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய ஆஸ்பத்திரியில் கணினி வலையமைப்பு திணற ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் வேலை செய்யும், அப்புறம் நின்றுவிடும். மறுபடி வரும், மறுபடி போகும். டாக்டர் கேட்ட ரத்தப் பரிசோதனை முடிவு திரைக்கு வரவில்லை. எழுதிய மருந்து, மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. கடைசியில் கணினியை ஓரம் கட்டிவிட்டு, பழையபடி பேப்பரும் பேனாவும் எடுத்தார்கள். சீட்டு எழுதி, அதைக் கையில் கொடுத்து ஆளை ஓடவிட்டார்கள். வலையமைப்பு ஒழுங்காக எழுந்து நிற்க ஏறக்குறைய நான்கு நாள் ஆயிற்று.

ஏதாவது ஸ்விட்ச் எரிந்துபோனதா? இல்லை. யாராவது கேபிளை வெட்டினார்களா? அதுவும் இல்லை. சரி, மாற்று வழியே இல்லாத வலையமைப்பா? அதுதான் வேடிக்கை. மாற்று வழிகள் இருந்தன. அந்த மாற்று வழிகள்தான் ஆளைக் கவிழ்த்தன!

நெட்வொர்க் பாடத்தில் 'பழுது தாங்கும் தன்மை' என்று ஒரு வரி வரும். ஒன்று போனால் இன்னொன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று எல்லோரும் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் மாற்று வழி இருப்பது வேறு. பழைய வழி கெட்டுவிட்டது என்ற சேதி, வழியை மாற்ற முடிந்தவன் காதுக்கு நேரத்தோடு போய்ச் சேருவது வேறு. இன்றைய டேட்டா சென்டர்கள் கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், முதலாவது சுலபம். இரண்டாவதுதான் தலைவலி.

மரம் வளர்த்த கதை

ஈதர்நெட்டில் ஒரு பிறவிக் குறை உண்டு. அதில் போகும் ஃபிரேமுக்கு வயது கிடையாது. ஐ.பி. பாக்கெட்டில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒரு எண் குறையும், பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லை. மூன்று ஸ்விட்ச்களை முக்கோணமாக இணைத்துவிட்டால், எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒரு ஃபிரேம் அதற்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும்போது பிரதியும் எடுத்துக்கொள்ளும். சில நொடிகளில் வலையமைப்பு முழுக்க அந்த ஃபிரேமின் பிள்ளை குட்டிகள்தான்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் ஸ்பானிங் ட்ரீ. 1985-ல் டி.இ.சி. நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் உருவாக்கியது. ஸ்விட்ச்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஒன்றைத் தலைவனாக வைத்து, சுற்று வராதபடி ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கும். மரத்தில் சேராத லிங்குகளை அடைத்து வைக்கும். ஏதாவது அறுந்தால் அடைத்ததில் ஒன்றைத் திறந்துவிடும்.

அழகான யோசனை. ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, காசு கொடுத்து வாங்கிய லிங்க் பாதி நேரம் சும்மா கிடக்கும். இரண்டு, பழைய ஸ்பானிங் ட்ரீயின் வழக்கமான கணக்கில் ஒரு பழுதிலிருந்து மீள 30 முதல் 50 நொடி ஆகும். நொடிக்கு 100 கிகாபிட் அனுப்பும் ஒரு லிங்கில் 50 நொடி என்றால் 625 கிகாபைட்!

பாஸ்டனில் நடந்தது இதையும் விட மோசம். ஸ்பானிங் ட்ரீயில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7 ஸ்விட்ச்சுக்கு மேல் போகக்கூடாது என்பது பரிந்துரை. அந்த ஆஸ்பத்திரி வலையமைப்பு வருஷா வருஷம் ஒட்டுப்போட்டு வளர்ந்து அந்த அளவைத் தாண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு ஆராய்ச்சியாளர் சோதித்துப் பார்த்த மென்பொருள் தானாகவே ஏராளமான தகவலைப் பிரதி எடுத்து அனுப்ப ஆரம்பித்தது. லிங்குகள் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும்? 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஸ்விட்ச்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் சின்னச் சேதியும் அந்த நெரிசலில் மாட்டிக்கொள்ளும். சேதி வரவில்லை என்றதும் எதிரில் இருப்பவன் செத்துவிட்டான் என்று நினைத்து, அடைத்து வைத்த லிங்கைத் திறந்துவிடும். அவன் சாகவே இல்லை. இப்போது சுற்று உண்டாகிவிட்டது. நெரிசல் இன்னும் கூடும், இன்னும் சேதி தொலையும், இன்னும் கதவு திறக்கும்...

ஒரு பொய்யான மரணச் செய்திதான் வலையமைப்பையே சாய்த்தது.

டெலிபோன்காரர் போட்ட கணக்கு

டேட்டா சென்டர்காரர்களும் ரொம்ப நாள் இந்த மரத்தைத்தான் வைத்திருந்தார்கள். அடியில் நூற்றுக்கணக்கான சின்ன ஸ்விட்ச்கள், உச்சியில் யானை விலை குதிரை விலைக்கு வாங்கிய இரண்டு பெரிய ஸ்விட்ச்கள். அந்த இரண்டில் ஒன்று படுத்தால் பாதிப் பலம் போச்சு. அதனால் அதைச் சாகாமல் பார்த்துக்கொள்வதற்காகவே இன்னும் செலவு.

இதற்கு மாற்று, கணினிகள் பிணைக்கப்படுவதற்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருந்தார். பெல் லேப்ஸில் இருந்த சார்லஸ் க்ளோஸ். 1953-ல் வெளிவந்த அவருடைய கட்டுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பற்றியது. 100 பேரை இன்னொரு 100 பேரோடு ஒரே பெரிய கட்டத்தில் இணைக்க வேண்டுமானால் 100 × 100, அதாவது 10,000 சந்திப்புப் புள்ளிகள் வேண்டும். அதையே சின்னச் சின்ன ஸ்விட்ச்களாக உடைத்து மூன்று அடுக்காக வைத்தால் 5,700 போதும் என்று காட்டினார். எத்தனை பேர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தாலும் புதிதாக ஒரு ஜோடிக்குப் பாதை கிடைத்தே தீரும். அவர் தேடியது சிக்கனத்தை. கூடவே வந்தது இன்னொரு லாபம்: நடு அடுக்கில் எந்த ஸ்விட்ச்சும் தனிப்பெரும் ஆள் இல்லை. ஒன்று போனால் மற்றவை இருக்கின்றன.

55 வருஷம் கழித்து, 2008-ல், சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முகமது அல்-ஃபாரெஸ், அலெக்சாண்டர் லூக்கிசாஸ், அமீன் வாதத் மூவரும் அந்தக் கணக்கை டேட்டா சென்டருக்குள் கொண்டுவந்தார்கள். இந்த வடிவத்துக்கு 'ஃபேட் ட்ரீ' என்று பெயர். அதாவது கொழுத்த மரம். பெயர் சார்லஸ் லெய்சர்சன் 1985-ல் வைத்தது.

சாதாரண மரம் மேலே போகப் போக மெலியும். இந்த மரம் மெலியாது. 48 போர்ட் உள்ள, கடையில் கிடைக்கும் ஒரே மாதிரி ஸ்விட்ச்களை மட்டும் வைத்து என்ன செய்யலாம் என்று பாருங்கள்:

48 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் கீழ்த்தட்டில் 24 ஸ்விட்ச், நடுத்தட்டில் 24 ஸ்விட்ச். எல்லாத் தொகுதிகளையும் இணைக்க மேல்தட்டில் 576 ஸ்விட்ச். ஆக மொத்தம் 2,880 ஸ்விட்ச்கள். இதில் 27,648 சர்வர்களைப் பொருத்தலாம். ஒரு தொகுதியில் இருக்கும் சர்வரிலிருந்து இன்னொரு தொகுதியில் இருக்கும் சர்வருக்கு ஒரே நீளமுள்ள 576 பாதைகள்!

576 பாதை இருக்கும் ஊரில் ஒரு பாதை அடைபட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படித்தான் எல்லோருக்கும் தோன்றும். கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏறுவதும் இறங்குவதும்

முதலில், பாக்கெட்டுக்கு யார் வழி சொல்வது? ஒவ்வொரு பாக்கெட்டையும் கண்ணை மூடிக்கொண்டு வேறு வேறு பாதையில் அனுப்பினால், பின்னால் கிளம்பியது முன்னால் வந்து சேரும். வரிசை கலைந்தால் டி.சி.பி. அதைத் தொலைந்த பாக்கெட் என்று தப்பாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இரண்டு போர்ட் எண்கள், எந்த புரோட்டோகால் ஆகிய ஐந்தையும் சேர்த்து ஒரு ஹாஷ் எண் கணக்கிடுவார்கள். அந்த எண்தான் பாதையைத் தீர்மானிக்கும். ஒரு உரையாடலின் பாக்கெட் எல்லாம் ஒரே பாதையில் வரிசையாகப் போகும். இதை ஈ.சி.எம்.பி. என்பார்கள்.

இதிலேயே ஒரு சின்ன வினை இருக்கிறது. நாலு பாதை இருக்கிறது, ஹாஷ் எண்ணை நாலால் வகுத்து மீதியை எடுக்கிறோம் என்று வையுங்கள். ஒரு பாதை போனதும் மூன்றால் வகுக்க வேண்டும். இடம் மாற வேண்டியது செத்த பாதையில் இருந்த கால் பங்குதான். ஆனால் மீதிக் கணக்கு மாறுவதால் முக்கால் பங்கு உரையாடல்கள் பாதை மாறிவிடும். ஒருவன் வீடு இடிந்ததற்கு மூன்று வீட்டுக்காரனும் சாமான் தூக்கிய கதை! இதைத் தவிர்க்க, செத்த பாதையின் பங்கை மட்டும் மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை பிறகு வந்தது.

இப்போது பெரிய விஷயம். ஃபேட் ட்ரீயில் ஒரு பாக்கெட் முதலில் மேலே ஏறும், பிறகு கீழே இறங்கும். ஏறும்போது கீழ்த்தட்டு ஸ்விட்ச்சுக்கு 24 வழி. நடுத்தட்டுக்கு இன்னொரு 24 வழி. எதில் வேண்டுமானாலும் ஏறலாம். ஒன்று அறுந்தால் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

உச்சிக்குப் போனபின்? மேல்தட்டு ஸ்விட்ச் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகுதிக்குள் இறங்க ஒரே ஒரு கேபிள்தான். அந்த கேபிளின் மறுமுனையில் இருக்கும் நடுத்தட்டு ஸ்விட்ச் செத்துவிட்டால், மேலே நிற்கும் பாக்கெட்டுக்கு நேர் வழி கிடையாது. ஏறும்போது ஆயிரம் வழி, இறங்கும்போது ஒரே வழி. (தென்னை மரத்தில் ஏறியவனுக்கு இது புரியும்.)

எண்களோடு பார்ப்போம். ஒரு தொகுதியில் நடுத்தட்டு ஸ்விட்ச் ஒன்று நின்றுபோகிறது. அந்தத் தொகுதிக்குப் போகும் 576 பாதையில் 24 போச்சு. 552 பாதை நன்றாகவே இருக்கிறது. ஆனால் மற்ற 47 தொகுதிகளில் உள்ள கீழ்த்தட்டு ஸ்விட்ச்களுக்கு இது தெரியாது. அவை பாட்டுக்குப் பழைய ஹாஷ் கணக்கில் 24-ல் ஒரு பங்கை அந்தப் பக்கமே ஏற்றிக்கொண்டிருக்கும். ஏறிய பாக்கெட்டுகள் உச்சியில் போய் விழுந்து சாகும். இது நிற்க வேண்டுமானால், செத்த ஸ்விட்ச்சை மேலிருந்து பார்த்த 24 ஸ்விட்ச்களும் தங்களுக்குக் கீழே உள்ள 47 தொகுதிகளுக்கும் சொல்ல வேண்டும். அங்கே நடுத்தட்டு தன் கீழ்த்தட்டுக்குச் சொல்ல வேண்டும். 47 × 24 = 1,128 கீழ்த்தட்டு ஸ்விட்ச்கள் காதில் விழுந்த பிறகுதான் முழு நிம்மதி.

552 நல்ல பாதை இருந்தும் பாக்கெட் சாகிறதே, ஏன்? பழுதைப் பார்த்தவனிடம் மாற்று வழி இல்லை. மாற்று வழி வைத்திருப்பவன் பழுதைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் இரண்டு தட்டு தள்ளி இருக்கிறார்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2013-ல் எஃப்-10 என்ற பெயரில் கொண்டுவந்த யோசனை இந்த இடத்தைத்தான் தொட்டது. அவர்கள் ஒரு ஸ்விட்ச்கூடக் கூடுதலாகச் சேர்க்கவில்லை. பாதித் தொகுதிகளில் கேபிள் போடும் முறையை மட்டும் மாற்றினார்கள். சாதாரண ஃபேட் ட்ரீயில் மேல்தட்டு ஸ்விட்ச் ஒன்று எல்லாத் தொகுதிகளிலும் ஒரே வரிசை எண் உள்ள நடுத்தட்டு ஸ்விட்ச்சோடுதான் பேசும். வேறு தொகுதியில் இறங்கிச் சுற்றி ஏறினாலும் திரும்ப அதே செத்தவன் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அதைத் தவிர்க்க வேறு தொகுதியின் கீழ்த்தட்டு வரைக்கும் இறங்கி ஏற வேண்டும். எஃப்-10-ல் பாதித் தொகுதிகளின் இணைப்பு குறுக்கும் நெடுக்குமாக மாறியிருப்பதால், மாற்று வகைத் தொகுதியின் நடுத்தட்டு வரை ஒரு படி இறங்கி, மீண்டும் ஏறி, வேறு வாசல் வழியாக உள்ளே போய்விடலாம். ஊருக்கெல்லாம் சேதி போய்ச் சேரும்வரை, பழுதைப் பார்த்தவனே சமாளித்துக்கொள்வான். முடிவெடுக்கும் உரிமையைப் பழுதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள், அவ்வளவுதான்.

சேதி சொல்லும் வேலை

மற்றபடி பெரிய டேட்டா சென்டர்கள் பலவற்றில் சேதி சொல்லும் வேலையை பி.ஜி.பி. பார்க்கிறது. நாடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் நடுவில் இணையத்தை ஒட்டிவைத்திருக்கும் அதே பி.ஜி.பி.தான். அதை டேட்டா சென்டருக்குள் எப்படிப் பயன்படுத்துவது என்று 2016-ல் ஆர்.எஃப்.சி. 7938 விளக்கமாகச் சொன்னது. ஒரு பாதை போனால் 'இந்த முகவரிக்கு இனி என் வழியாக வராதே' என்று ஒவ்வொரு ஸ்விட்ச்சும் அடுத்ததற்குச் சொல்லும். அதன் முன்னே, பக்கத்து ஸ்விட்ச் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே? அதற்கு பி.எஃப்.டி. 50 மில்லி நொடிக்கு ஒரு தடவை குரல் கொடுக்கச் சொல்லி, மூன்று தடவை பதில் இல்லையென்றால் செத்ததாக வைத்துக்கொள் என்று அமைத்தால், 150 மில்லி நொடியில் தெரிந்துவிடும். ரொம்பக் குறைத்து வைத்தால் பாஸ்டன் கதைதான். கொஞ்சம் தாமதமாகப் பேசியவனையும் செத்தவன் கணக்கில் எழுதிவிடும்.

அந்த ஆர்.எஃப்.சி. ஒரு எச்சரிக்கையும் தருகிறது. முகவரிகளைத் தனித்தனியாகச் சொல்லாமல் 'இந்தப் பக்கம் எல்லாம் என் வழியாக வரலாம்' என்று மேல்தட்டு மொத்தமாகச் சுருக்கிச் சொன்னால், அட்டவணை சின்னதாகும். ஆனால் உள்ளே ஒரு தொகுதிக்கு வழி போனது அந்தச் சுருக்கத்துக்குள் மறைந்துவிடும். நல்ல சேதியைச் சுருக்கலாம், கெட்ட சேதியைச் சுருக்கினால் ஆபத்து.

சாகாமல் சாகடிப்பவை

இதுவரை சொன்னது எல்லாம் ஒழுங்காகச் சாகும் ஸ்விட்ச்களைப் பற்றி. பாதி உயிரோடு கிடப்பவைதான் உண்மையான வில்லன்கள். 2017-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்களும் உடன் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு 'கிரே ஃபெயிலியர்', அதாவது சாம்பல் நிறப் பழுது என்று பெயர் சொன்னது. கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை. ஸ்விட்ச் 'இருக்கிறேன்' என்று ஒழுங்காகக் குரல் கொடுக்கும். விளக்கும் பச்சையாக எரியும். ஆனால் கடந்துபோகும் பாக்கெட்டில் சிலவற்றைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கும். கண்காணிப்பவன் கண்ணுக்கு நலம். பயன்படுத்துபவனுக்கோ தினமும் அவதி.

இதில் மாற்று வழிகளே எதிரியாகிவிடுவது உண்டு. ஒரு தேடலுக்குப் பதில் சொல்ல 100 சர்வர்களைக் கேட்க வேண்டியிருக்கிறது, 100 கேள்வியும் வேறு வேறு பாதையில் போகின்றன என்று வையுங்கள். ஒவ்வொரு பாதையும் திணறிக்கொண்டிருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. குறைவுதானே என்று தோன்றும். ஆனால் நூறும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம்தான். அதாவது 63 சதவீதத் தேடல்கள் எங்கேயோ ஒரு இடத்தில் மாட்டும். பாதைகள் பெருகப் பெருக, கெட்ட பாதையை மிதிக்காமல் போவது கஷ்டமாகிறது.

2011-ல் ஃபிலிப்பா கில், நவேந்து ஜெயின், நாச்சியப்பன் நாகப்பன் மூவரும் மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டர்களின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்து எழுதினார்கள். மலிவான ஸ்விட்ச்கள் பயந்த அளவுக்குப் படுத்துவிடவில்லை, நன்றாகவே உழைத்தன. அடிக்கடி தகராறு செய்தவை லோட் பேலன்சர்கள், அதுவும் பெரும்பாலும் மென்பொருள் கோளாறால். எல்லாவற்றையும் இரட்டை இரட்டையாக வைத்திருந்ததால் பழுதின் பாதிப்பு எவ்வளவு குறைந்தது தெரியுமா? நடுத்தர அளவில் பார்த்தால் 40 சதவீதம்தான்.

டேட்டா சென்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பிலும் இதே பாடம்தான். 2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. பராமரிப்பு வேலைக்காகக் கொடுத்த ஒரு கட்டளை முதுகெலும்பு இணைப்புகளை எல்லாம் துண்டித்துவிட்டது. தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை. டி.என்.எஸ். சர்வர்களுக்கு ஒரு விதி இருந்தது: டேட்டா சென்டரோடு பேச முடியவில்லை என்றால் நீ கெட்டுவிட்டாய், ஒதுங்கிக்கொள் என்று. நல்ல விதிதான். ஒருவன் கெட்டால் அவன் ஒதுங்குவான், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் அதை நினைத்தார்கள். எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். பழுது தாங்குவதற்காக எழுதிய விதியே கதவைச் சாத்தியது.

ஸ்விட்ச் நூறு இருக்கலாம், கேபிள் ஆயிரம் இருக்கலாம். எல்லாம் ஒரே கட்டளைக்குத் தலையாட்டினால் அது ஒரே ஒரு ஸ்விட்ச்தான்.

கடைசியாக ஒரு சேதி

மாற்று வழி விலைக்குக் கிடைக்கும். சேதி அப்படிக் கிடைக்காது. அது சீக்கிரம் போக வேண்டும், அவசரத்தில் பொய்யாகிவிடக் கூடாது, சுருக்கத்தில் மறைந்துவிடக் கூடாது. செத்தவன் யார், திணறுகிறவன் யார், வெறுமனே தாமதமானவன் யார் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பொறியியல் முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பாஸ்டன் ஆஸ்பத்திரி என்ன செய்தது? வலையமைப்பை மாற்றிக் கட்டியது. அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தது. தகவல் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஜான் ஹலாம்கா, நடந்ததை மூடி மறைக்காமல் என்ன தவறு, எங்கே தவறு என்று வெளியே எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். அதே மாதிரி ஒட்டுப்போட்ட மரத்தின் கீழே உட்கார்ந்திருந்த மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. பழுதைப் பார்த்தவன், வழியை மாற்ற முடிந்தவனுக்குச் சொன்னான். ஒரு நல்ல ஸ்விட்ச் செய்ய வேண்டியதும் அதுதானே?